அண்ணன் தமிழில் எழுதிய பழைய ஈமெயில்கள் கிறுக்கலாகத் தெரிகின்றன. படிக்க வழி இருக்கிறதா?

தீப்பெட்டி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கோவில்பட்டி. கம்ப்யூட்டர் ஓரளவுதான் தெரியும், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் 2000-இல் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனான். ஃபோன் பேசுவது அன்றைக்குக் கட்டுப்படியாகாது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். கூட இருந்தவர்கள் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடித்து அனுப்பினார்கள். இவன் மட்டும் பிடிவாதமாகத் தமிழ் எழுத்திலேயே அனுப்புவான். ஞாயிற்றுக்கிழமை அங்கே தமிழர்கள் கூடும் தேக்காவுக்குப் போய், ஒரு நெட் கடையில் முரசு அஞ்சல் என்ற தமிழ் அடிக்கும் மென்பொருள் போட்டு வைத்திருந்த கம்ப்யூட்டருக்காகக் காத்திருந்து அடிப்பானாம்.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு எட்டயபுரம் ரோட்டில் இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போவேன். மணிக்கு 30 ரூபாய். அங்கே இருந்த அண்ணன் ஒருவர் எனக்காகவே இணைமதி என்ற எழுத்துருவை இறக்கிப் போட்டு வைத்திருந்தார். பிரிண்ட் எடுத்தால் பக்கத்துக்கு 5 ரூபாய், அது முடியாது. அதனால் திரையைப் பார்த்துக் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். அம்மா சொல்லச் சொல்ல இன்னொரு தாளில் எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் பதில் அடிப்பேன்.

அந்த சென்டர் அண்ணன் மெயில்களை ஒவ்வொன்றாக ஃப்ளாப்பியில் சேமித்துக் கொடுத்தார். 2004-இல் கல்லூரியில் அதையெல்லாம் ஒரு சிடியில் ஏற்றி வைத்தேன். அண்ணனுடைய மெயில் பெட்டி வருஷக்கணக்கில் திறக்காமல் கிடந்து எப்போதோ காலியாகிவிட்டது. அந்த சிடிதான் மிச்சம்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில், அண்ணன் போய்விட்டான்.

அவன் மகள் இப்போது பிளஸ் ஒன். "அப்பா எழுதினது ஏதாவது இருக்கா அத்தை" என்று போன மாதம் கேட்டாள். சிடியைத் தேடி எடுத்து, யூஎஸ்பியில் மாட்டுகிற டிரைவ் ஒன்று வாங்கிப் போட்டோம். 46 கோப்புகளில் 44 திறக்கின்றன. ஆனால் ஒரு எழுத்துகூடத் தமிழாக இல்லை. எல்லாம் ஐரோப்பிய எழுத்துகள், தலையில் கொம்பும் சுழியும் வைத்தவை. நடுநடுவே கால், அரை, முக்கால் பின்னங்கள், பவுண்டு குறி, வகுத்தல் குறி. தலைகீழ் ஆச்சரியக்குறி வரிக்குப் பத்து இருக்கும். கிட்டத்தட்ட எல்லாக் கோப்பும் இடப்பக்கம் பார்த்த இரட்டைக் கோணக்குறியில்தான் தொடங்குகின்றன. 9 கோப்புகளில் அதுவும் இல்லை. சமக்குறியும் எண்ணும் எழுத்துமாகப் பக்கம் பக்கமாக ஓடுகின்றன.

இங்கே ஒரு கம்ப்யூட்டர் கடையில் காட்டினோம். "கரப்ட் ஆகிடுச்சு, வைரஸா இருக்கும், அழிச்சிடுங்க" என்றார்கள்.

பிறகு அண்ணன் மகள் ஒரு ஏஐ செயலியில் கோப்பைப் படம் பிடித்துப் போட்டாள். அது உடனே ஒரு கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தது. "அன்பு அம்மா, இங்கே பனி கொட்டுகிறது, உங்கள் நினைவு வாட்டுகிறது" என்று. சிங்கப்பூரில் ஏது பனி? அந்தப் பிள்ளை படித்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அது அப்பா எழுதியது இல்லை என்று நான் சொன்னபோது இன்னும் அதிகமாக அழுதாள். அதற்கப்புறம்தான் இங்கே எழுதலாம் என்று தோன்றியது.

என் பழைய நோட்டில் மூன்று கடிதங்கள் தப்பியிருக்கின்றன. மற்ற 41 கோப்புகளில் இருப்பதைப் படிக்க வழி உண்டா, இல்லை போனது போனதுதானா?

---

ஒன்பதாம் நம்பர் கேபின்

சகோதரி, ஒன்றும் போகவில்லை. கோப்புகளை அழிக்காதீர்கள். முதல் வேலையாக சிடியில் இருப்பதை அப்படியே இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள். வேர்டிலோ ஃபோனிலோ திறந்து "சேவ்" மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கெடுவது அங்கேதான்.

நானும் 1999 முதல் 2006 வரை திருநெல்வேலியில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்தவன். நீங்கள் சொல்லும் குறிகளைப் படித்ததும் புரிந்துவிட்டது. அது திஸ்கி.

அப்போது நெட் கடைகளில் பெரும்பாலும் விண்டோஸ் 98 ஓடியது. இன்றைக்கு எல்லா மொழிகளுக்கும் பொதுவாக இருக்கும் யூனிகோடு முறையில் தமிழ் காட்ட அதற்குத் தெரியாது. ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரை ஓர் எண், மொத்தம் 256 இடம்தான். முதல் 128-இல் இங்கிலீஷ் உட்கார்ந்திருக்கும். மீதி 128-இல் ஐரோப்பிய எழுத்துகள். அந்த ஐரோப்பியப் பகுதியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் ஒரு தமிழ் எழுத்தை வைத்தார்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் திஸ்கி. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் குழுவில் மாதக்கணக்கில் வாதாடி உருவாக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி தமிழக அரசு டாம், டாப் என்று வேறு இரண்டு ஏற்பாடுகளை அறிவித்தது. ஆனாலும் மடற்குழுக்களிலும் மெயிலிலும் திஸ்கி நன்றாகப் புழங்கியது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தின் ஆரம்ப கால மின்னூல்களும் திஸ்கியில் ஏற்றியவைதான், பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள்.

அதாவது கோப்பில் உங்கள் அண்ணன் அடித்தது அடித்தபடி இருக்கிறது. அதைத் தமிழாகக் காட்ட இணைமதி இல்லை, அவ்வளவுதான். இன்றைய கம்ப்யூட்டர் அந்த இடங்களில் பழைய ஐரோப்பிய எழுத்துகளையே காட்டுகிறது.

நீங்கள் பார்த்த குறிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பார்த்த இரட்டைக் கோணக்குறி 'அ'. கடிதங்கள் "அன்புள்ள அம்மாவுக்கு" என்று தொடங்கியிருக்கும், அதனால்தான் எல்லாவற்றிலும் முதலில் அது நிற்கிறது. தலைகீழ் ஆச்சரியக்குறி துணைக்கால். தலைகீழ்க் கேள்விக்குறி 'ந'. கால் என்றால் 'ட', அரை என்றால் 'ண', முக்கால் என்றால் 'த'. வகுத்தல் குறி 'ர்'. பவுண்டு குறி ஈகாரச் சுழி. கூட்டலும் கழித்தலும் சேர்ந்த குறி 'எ'. ஒரு வாரம் உட்கார்ந்தால் நீங்களே மாற்றாமல் படிக்கப் பழகிவிடலாம். நாங்கள் சிலர் அப்படிப் படித்திருக்கிறோம்.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் என்று விண்டோஸ் மென்பொருள் உண்டு. இணையத்தில் பொங்குதமிழ் மாற்றி உண்டு. யாராவது லினக்ஸ் வைத்திருந்தால் இன்னும் எளிது, ஐகான்வ் என்ற கட்டளைக்கே திஸ்கி தெரியும், மூலம் திஸ்கி, இலக்கு யூடிஎஃப்-8 (யூனிகோடின் ஒரு வடிவம்) என்று கொடுத்தால் ஒரே ஓட்டத்தில் முடியும். முதலில் நோட்டில் இருக்கும் கடிதங்களின் கோப்புகளை மட்டும் மாற்றி வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். சரியாக வந்தால் மற்றதையும் நம்பி மாற்றலாம். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களே, அது பெரிய விஷயம்.

சமக்குறிக் கோப்புகள் ஒன்பதும் வேறு கதை. இங்கிலீஷ் அல்லாத எழுத்துகள் வழியில் சிதையாமல் இருக்க மெயில் நிரல்கள் அவற்றின் ஒவ்வொரு பைட்டையும் ஒரு சமக்குறியும் அதன் இரண்டிலக்கக் குறியீடுமாக எழுதி அனுப்பும். அதற்குக் கோட்டட் பிரிண்டபிள் என்று பெயர். சமக்குறி, பி, ஈ என்று வந்தால் அது 'த'. முதலில் அதைப் பிரித்துவிட்டு அப்புறம் திஸ்கியை மாற்ற வேண்டும். வரிசை மாறக்கூடாது.

---

பனையடி

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவில, ஸ்கார்பரோவில். உங்கட கேள்வியை வாசிச்சிட்டுக் கன நேரம் சும்மா இருந்தன்.

எங்கட வீட்டிலும் இதே மாதிரி ஒரு பெட்டி கிடக்குது. ஆனால் எங்கட ஆட்கள் பாவிச்சது பாமினி எண்ட எழுத்துரு. அது வேற விதம், தட்டச்சு மெசினில இருக்கிற எழுத்து முறையை அப்படியே இங்கிலீஷ் எழுத்துகளுக்கு மேல வச்சது. எழுத்துரு இல்லாமல் திறந்தால் கொம்பு முளைச்ச எழுத்து ஒண்டும் வராது, வெறும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும்தான் வரும். அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின்ர புள்ளி. "அம்மா" எண்டு அடிச்சது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு நிற்கும். வேற ஆரும் இதை வாசிக்கிறவைக்கு உதவட்டும் எண்டு சொல்லுறன்: பின்னமும் தலைகீழ்க் குறியும் தெரிஞ்சால் திஸ்கியாக இருக்கும், இங்கிலீஷ் எழுத்துக்கு நடுவில அரைப்புள்ளி நிறையத் தெரிஞ்சால் பாமினியாக இருக்கும். பிழையான மாற்றியில போட்டால் இன்னும் மோசமாக வரும், பயப்பிடாதேங்கோ, மூலக் கோப்பு இருக்கும்வரை திரும்பச் செய்யலாம்.

மற்றது, மருமகளிட்டச் சொல்லுங்கோ. அந்தச் செயலி எழுதின கடிதத்தை வைச்சிருக்க வேண்டாம், அழிச்சுவிடச் சொல்லுங்கோ. பத்து வருசம் கழிச்சு எடுத்துப் பார்க்கேக்க எது தகப்பன் எழுதினது, எது மெசின் எழுதினது எண்டு தெரியாமப் போயிடும்.

---

தீப்பெட்டி

அழித்துவிட்டாள் அண்ணா. அவளாகவே அழித்துவிட்டாள்.

கேபின் அண்ணாவுக்கு: நேற்று ராத்திரி நோட்டில் உள்ள முதல் கடிதத்தின் கோப்பைத் திறந்து, எழுத்துகளை வெட்டி ஒரு மாற்றியில் ஒட்டினேன். தமிழ் வந்துவிட்டது! 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை.

ஆனால் ஒரு குறை. நோட்டோடு ஒத்துப் பார்த்தால் 'இ' எங்கேயுமே இல்லை. "இங்கே எல்லாம் நலம்" என்பது "ங்கே எல்லாம் நலம்" என்று இருக்கிறது. "இந்த மாதம்" என்பது "ந்த மாதம்". 'ஈ' இருக்கிறது, 'உ' இருக்கிறது, 'இ' மட்டும் மாயம். அண்ணன் கீபோர்டில் அந்த எழுத்து கெட்டிருந்ததோ?

---

ஒன்பதாம் நம்பர் கேபின்

கீபோர்டு நன்றாகத்தான் இருந்திருக்கும், உங்கள் நோட்டில் 'இ' இருக்கிறதே! அன்றைக்குத் திரையில் தெரிந்ததால்தானே எழுதியிருப்பீர்கள்.

திஸ்கியில் முதலில் 'இ'-க்குக் கொடுத்த இடம் 173. ஐரோப்பிய அட்டவணையில் அந்த இடத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறுகோடு, வரி முடிவில் சொல்லை உடைக்க மட்டும் பயன்படுவது. பல நிரல்கள் அதை மறைத்துவிடும், சில தூக்கியே எறிந்துவிடும். இந்தத் தொல்லை தெரிந்த பிறகு 'இ'-யை 254-க்கு மாற்றினார்கள். உங்கள் அண்ணன் பயன்படுத்தியது பழைய ஏற்பாடு, உங்கள் மாற்றிக்குத் தெரிந்தது புதியது.

வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம். நகல் கோப்பை நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற நிரலில், ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்று படிக்கும் ஆன்சி முறையில் திறங்கள். தேடி மாற்றும் பெட்டியில் எக்ஸ்டெண்டட் என்பதைத் தேர்ந்துகொண்டு, தேடும் இடத்தில் பின்சாய்வுக்கோடு, எக்ஸ், ஏ, டி. மாற்றும் இடத்தில் பின்சாய்வுக்கோடு, எக்ஸ், எஃப், ஈ. எல்லாவற்றையும் மாற்று என்று கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். அந்தக் கோப்பை அப்படியே கன்வெர்ட்டரில் கொடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திஸ்கியில் கையால் எழுதுகிற வரிசையில்தான் அடிப்போம், ஒற்றைக் கொம்பு முதலில், எழுத்து பிறகு. யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. நல்ல மாற்றி அதைத் தானே திருப்பிவிடும். கொம்பு தனியாக அநாதையாக நிற்கும் இடம் ஏதாவது இருந்தால் அங்கே வரி உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

---

ஏடு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். உங்கள் அண்ணன் மெயில் தவிர வேறெங்காவது எழுதினாரா? அந்தக் காலத்தில் தமிழில் அடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் பலர் மடற்குழுக்களிலோ, இலவசமாகப் பக்கம் போட இடம் தந்த ஜியோசிட்டீஸிலோ ஏதாவது எழுதி வைத்திருப்பார்கள். கடிதங்களில் ஏதாவது முகவரி கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. மடற்குழுக்கள் பல இயங்கிய யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக நின்றன. ஆனால் ஜியோசிட்டீஸ் பக்கங்கள் நிறைய, பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் இருக்கின்றன. பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது, சரியான முகவரி வேண்டும். கிடைத்தாலும் அதே கிறுக்கலாகத்தான் தெரியும், பயந்துவிடாதீர்கள். முகவரியில் நடுவே வரும் நீண்ட தேதி எண்ணுக்குப் பின்னால் இடைவெளி விடாமல் ஐ, டி, அடிக்கோடு சேர்த்தால் காப்பகம் தன் பட்டையை ஒட்டாமல் மூலப் பக்கத்தை அப்படியே தரும். அதைச் சேமித்து, கேபின் அண்ணா சொன்ன வழியில் மாற்றலாம்.

என் அனுபவத்தில் மாமா ஒருவருடைய 11 பக்கங்களில் 7 கிடைத்தன. படங்கள் ஒன்றுகூட வரவில்லை.

---

தீப்பெட்டி

'இ' வந்துவிட்டது. 44 கோப்புகளும் வந்துவிட்டன, சமக்குறிக் கோப்புகள் உட்பட. அந்த ஒன்பதைப் பிரிக்க மட்டும் அண்ணன் மகளுடைய கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சர் உதவினார்.

ஏடு அவர்களுக்கு: 2002 ஜூன் கடிதம் ஒன்றில், "நண்பர்களோடு சேர்ந்து ஒரு பக்கம் போட்டிருக்கிறேன், சென்டரில் பார்" என்று முகவரி எழுதியிருக்கிறான். நான் பார்த்ததாக நினைவே இல்லை. முதல் பக்கம் மட்டும் காப்பகத்தில் இருக்கிறது. அவன் தங்கியிருந்த விடுதியில் யார் யார் எந்த ஊர் என்று ஒரு பட்டியல். பேராவூரணி, பரமக்குடி, திருத்துறைப்பூண்டி என்று 16 ஊர். ஆளுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறான், யாருக்கு என்ன சமைக்க வரும் என்று.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்கார வைத்து, அண்ணன் மகள் படித்தாள். நோட்டில் இல்லாத கடிதம் ஒன்று, 2001 மார்ச். அதில் ஒரு பகுதி:

"கடலை மிட்டாய் கிடைத்தது அம்மா. பாதி எறும்புக்குப் போய்விட்டது, மீதியை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். இனி அனுப்ப வேண்டாம், தபால் செலவுக்கு அங்கே நீங்கள் ஒரு சேலை எடுக்கலாம். நேற்று மேலே சாரம் கட்டும் வேலை. உயரத்தில் நின்றால் கடல் தெரிகிறது. நம் ஊர்ப் பக்கம் எது என்று ஒருவரைக் கேட்டு அந்தத் திசையைத் தெரிந்துவைத்துக்கொண்டேன்."

அம்மா நடுவில் நிறுத்தச் சொன்னார்கள். "எறும்பு விஷயம் எனக்குத் தெரியும், இவ அப்பவே படிச்சா. சாரத்து மேல ஏறினதை இவ எனக்குப் படிக்கலையே" என்றார்கள். உண்மைதான். நான் அதை விட்டுவிட்டுத்தான் படித்திருக்கிறேன். அம்மா பயந்துவிடுவார்கள் என்று ஒன்பதாம் வகுப்பில் நானே முடிவு செய்திருக்கிறேன், நோட்டிலும் எழுதவில்லை போலிருக்கிறது. எனக்கே மறந்துபோயிருந்தது.

கேபின் அண்ணா, ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே எனக்கென்று இரண்டு வரி எழுதி, "அண்ணன்" என்று முடித்திருக்கிறான். மாற்றுவதற்கு முன் இருந்த கோப்பில் அந்தச் சொல்லைப் போய்ப் பார்த்தேன். நடுவில் அந்த 'அரை' இருந்தது.

இப்போது ஒரு சின்ன உதவி. அம்மாவுக்கு ஒரு கண்ணில் மட்டும்தான் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. 44 கடிதங்களையும் பெரிய எழுத்தில் அச்சடித்து, தைத்துக் கொடுக்க வேண்டும். எழுத்து எந்த அளவு வைத்தால் வயதானவர்களுக்கு வசதியாக இருக்கும்? 18 போதுமா, 20 வைக்கலாமா? கோவில்பட்டியிலோ சாத்தூரிலோ தையல் பைண்டிங் ஒழுங்காகச் செய்கிறவர்கள் தெரிந்தால் சொல்லுங்கள்.